நாடக மேற்கோளும் கற்போர்க்குரிய துணைநூல்களும்: ஷேக்ஸ்பியர் பயிற்சி வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

நாடகமொன்றிலிருந்து ஓரிரண்டு அடிகளை எடுத்துக் கொடுத்து, அவற்றின் பொருளை எழுதி வருமாறு பணித்தல் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் பயிற்சியாகும். மாணவர் அவ்வடிகளை வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றனர். தாமே பயின்று பொருள் காண இயலாதபோது பிறர் துணையை நாடுகின்றனர். அத்துணை ஆசிரியரின் வாய்மொழியாக இருக்கலாம். கற்றோர் எழுதிய உரையாக இருக்கலாம். கடையில் விலைக்கு வாங்கும் கையேடாகவும் இருக்கலாம். ஆங்கில நாடகாசிரியராகிய ஷேக்ஸ்பியரின் (1564-1616) நாடகங்களைப் பொறுத்தவரை இத்தகைய துணைகளின் வரலாறு ஏறத்தாழ நானூறு ஆண்டு நீளமுடையது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, அதிலிருந்து பெறப்படும் உண்மையொன்றை நிலைநாட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீதிநூலிலிருந்து ஒரு செய்யுளை மட்டும் எடுத்துக்காட்டினால் பெரும்பாலும் பொருள் குறைவதில்லை. அங்கே கூறுவோன் நூலாசிரியன், கேட்போர் உலகத்தார். நாடகத்தின் நிலை வேறு. நாடகாசிரியன் தன் வாயால் யாதும் கூறுவதில்லை. அவன் படைத்த மாந்தரே பேசுகின்றனர். அவருள் மெய் கூறுவோரும் உளர். பொய் கூறுவோரும் உளர். தாம் கூறுவதைத் தாமே உணராதாரும் உளர். ஆகவே, நாடக அடியொன்றின் பொருள் சொற்களில் மட்டும் அமைந்து கிடப்பதன்று. கூறுவோன், கேட்போன், இடம், காலம் ஆகியவற்றோடு பிணைந்து நிற்பது. இப்பிணைப்பை அறுத்தெடுத்த பின் எஞ்சுவது மேற்கோள். பிணைப்போடு கொள்வதே நாடகம். ஷேக்ஸ்பியரைக் கற்பிக்க எழுந்த நூல்களிற் பல இப்பிணைப்பை அறுத்தன. வேறு சில அதனை மீண்டும் பொருத்த முயன்றன. எவ்வெந்நூல் எதனைச் செய்தது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

1. நடிகன் கைச்சுருளும் மாணவன் குறிப்பேடும்

ஷேக்ஸ்பியர் காலத்து நாடக அரங்கில் ஒவ்வொரு நடிகனுக்கும் முழு நாடகத்தின் படி கொடுக்கப்படவில்லை. கையால் எழுதிப் படியெடுத்தல் பெருஞ்செலவும் உழைப்பும் வேண்டிய செயல். நாடகம் பிறர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. ஆகலின், நடிகன் பேசவேண்டிய பகுதிகள் மட்டும் நீண்ட தாட்சுருளில் எழுதிக் கொடுக்கப்பட்டன. இராபர்ட்டு கிரீன் என்பார் இயற்றிய ‘ஒர்லாண்டோ ஃப்யூரியோசோ’ என்னும் நாடகத்தின் தலைமை மாந்தனுக்குரிய சுருள் ஒன்று, அப்பகுதியை நடித்த எட்வர்டு ஆலின் நிறுவிய டல்லிச்சுக் கல்லூரியில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது.

இச்சுருளில் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நடிகன் பேசும் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னர், அவனுக்கு முன் பேசுவோனுடைய கூற்றின் இறுதிச் சொற்கள் சில எழுதப்பட்டிருக்கும். அச்சொற்கள் காதில் விழுந்தவுடன் நடிகன் தன் கூற்றைத் தொடங்குவான். எனவே, நாடகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்த அரங்கத்தாரும், எதற்கு மறுமொழியாக ஒரு கூற்று எழுகின்றது என்பதைக் காட்டும் சிறு கொளுவியை அறுக்காமல் விட்டுவைத்தனர். அஃதில்லையேல் நடிப்பு நடவாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

படிப்போர் உலகில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. அக்காலத்து ஆங்கில இலக்கணப் பள்ளிகளில் மாணவன் தான் கற்கும் நூல்களிலிருந்து சிறந்த தொடர்களைத் தொகுத்து, நட்பு, சினம், அரசு, இறப்பு எனத் தலைப்பிட்ட குறிப்பேட்டில் எழுதிவைக்குமாறு பயிற்றப்பட்டான். எராசுமஸ் 1512-இல் வெளியிட்ட சொல்வளம் பற்றிய இலத்தீன் நூல் இப்பயிற்சிக்குப் பெருந்துணையாயிற்று. கட்டுரை எழுதவும் அவையிற் பேசவும் வேண்டிய சரக்கு இக்குறிப்பேட்டிலிருந்து கிடைத்தது. ஆயின், தலைப்பின்கீழ்ப் புகுந்த தொடர் தன்னைக் கூறியவனை வெளியே விட்டுவிட்டே புகுந்தது. நட்பைப் பற்றி நண்பன் கூறியதும் வஞ்சகன் கூறியதும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றன.

இவ்வழக்கம் ஷேக்ஸ்பியர் வாழ்ந்திருந்தபோதே அவர் நூல்களையும் பற்றிக்கொண்டது. 1600-இல் ‘இங்கிலாந்தின் பர்னாசஸ்’, ‘பெல்வெடியர்’ என இரு தொகை நூல்கள் வெளிவந்தன. இரண்டும் பிற புலவர் அடிகளோடு ஷேக்ஸ்பியர் அடிகளையும் பொருள்வகையால் தொகுத்தன. பின்னது ஓரடியும் ஈரடியுமாக நறுக்கி அடுக்கியதோடு, எவ்வடி எவருடையது என்பதையும் குறிக்காது விட்டது.

1603-இல் அச்சான ‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதற்பதிப்பு இதனினும் வியப்பான சான்று தருகின்றது. அரசவை அமைச்சனாகிய முதியவன், வெளிநாடு செல்லும் மகனுக்கு அறிவுரை கூறும் பகுதியில், அடிகளின் தொடக்கத்தில் மேற்கோட் குறிகள் இடப்பட்டுள்ளன. இவை குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளத் தக்கவை என்று படிப்போர்க்குக் காட்டும் அடையாளங்கள் அவை. அம்முதியவன் பெயர் அப்பதிப்பில் கொராம்பிஸ். பின்வந்த பதிப்பிலிருந்து நாம் அறியும் பெயர் பொலோனியஸ். ஆக, நாடகம் முதன்முதல் அச்சேறியபோதே அதிலிருந்து மேற்கோள் பறித்தலும் உடன் தொடங்கிவிட்டது எனலாம்.

2. பதிப்பாசிரியர் இட்ட குறிகள்

ஷேக்ஸ்பியர் இறந்து ஏழாண்டு கழித்து, 1623-இல், அவருடைய உடன் நடிகர்களாகிய ஹெமிங்ஸ், கான்டெல் இருவரும் 36 நாடகங்களைத் தொகுத்துப் பெரும்பதிப்பாக வெளியிட்டனர். 1709-இல் நிக்கலஸ் ரோ என்பார் அவற்றை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். நாடகந்தோறும் மாந்தர் பட்டியல் அமைத்து, அங்கம், களம் என்னும் பிரிவுகளையும் மாந்தர் வருகை செலவுகளையும் ஒழுங்குபடுத்தினார். யார் எங்கே நிற்கின்றார் என்பதைப் படிப்போர்க்குப் புலப்படுத்திய அவர் பணி, இவ்வரலாற்றில் பிணைப்பைக் காத்த பணியாகும்.

அடுத்து வந்த கவிஞர் போப், 1725-ஆம் ஆண்டுப் பதிப்பில் வேறு வழியை மேற்கொண்டார். தமக்குச் சிறந்தனவாகத் தோன்றிய பகுதிகளுக்குப் பக்க ஓரத்தில் காற்புள்ளிகள் இட்டார். களம் முழுதும் சிறப்புடையதாயின் அதன் தலையில் உடுக்குறி பொறித்தார். தமக்குத் தகாதனவாகப் பட்டவற்றை அடிக்குறிப்பிற்குத் தள்ளினார். படிப்போனது கண் எங்கே நிற்கவேண்டும், எதனைக் கடந்து செல்லவேண்டும் என்பதைப் பதிப்பாசிரியரே முடிவுசெய்த முறை இது.

போப்பு இட்ட குறி முப்பது ஆண்டுகளுக்குள் தனி நூலாக வளர்ந்தது. வில்லியம் டாட் என்னும் சமயகுரு 1752-இல் ‘ஷேக்ஸ்பியரின் அழகுகள்’ என்ற நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டார். சிறந்த பகுதிகள் நாடக வரிசையில் தொகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு பொருள் தலைப்பைப் பெற்றது. டாட் பிற்காலத்தில் பொய்ப்பத்திரம் புனைந்த குற்றத்திற்காக 1777-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் நூலோ தலைமுறை பலவற்றைக் கடந்து வாழ்ந்தது. செருமானியப் பெரும்புலவர் கேத்தே, லைப்சிக் நகரில் மாணவராக இருந்தபோது ஷேக்ஸ்பியரை முதன்முதல் அறிந்தது இத்தொகை நூலின் வழியேயாம். பின்னர் அவர் முழு நாடகங்களையும் தேடிக் கற்றார். தொகை நூல் வாயிலாக உதவியதை மறுத்தல் கூடாது. வாயிலிலேயே நின்றுவிட்டோர் தொகை எத்துணை என்பதே வினா.

இவ்வினாவை எழுப்பியவர் சாமுவேல் ஜான்சன். அவர் 1765-இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பின் முன்னுரையில், ஷேக்ஸ்பியரின் ஆற்றல் தனித்தனிப் பகுதிகளின் பொலிவில் இல்லை, கதையின் ஓட்டத்திலும் உரையாடலின் போக்கிலுமே உள்ளது என்றார். பொறுக்கிய மேற்கோள்களால் அவரைப் பாராட்ட முயல்வோனை, வீட்டை விற்க விரும்பி அதற்கு மாதிரியாக ஒரு செங்கல்லைப் பையில் இட்டுத் திரிந்த பழங்கதைப் பேதைக்கு ஒப்பிட்டார். செங்கல் வீட்டைச் சேர்ந்தது என்பது உண்மை. செங்கல்லில் வாயிலும் இல்லை, அறையும் இல்லை என்பதும் உண்மை.

ஜான்சனே 1755-இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியில் ஷேக்ஸ்பியரின் அடிகளை ஆயிரக்கணக்கில் எடுத்தாண்டவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சொல்லின் வழக்கை மெய்ப்பிக்க ஓரடி போதும். நாடகத்தை உணர்த்த அது போதாது. இரண்டு நோக்கங்களையும் அவர் வேறுபடுத்தி அறிந்திருந்தார். பின்வந்த பள்ளி நூல்கள் இவ்வேறுபாட்டைப் போற்றவில்லை. வாரிங்டன் கல்விக்கழக மாணவர்க்கென வில்லியம் என்ஃபீல்டு 1774-இல் தொகுத்த ‘பேச்சாளன்’ என்ற நூலில், நாடகக் கூற்றுகள் குரற்பயிற்சிக்குரிய பாடங்களாயின. சிறுவர் அவற்றை நெட்டுருச் செய்து ஒப்பித்தனர். நாடகத்தை அறியாமலே நாடக அடிகளை அறிந்த தலைமுறைகள் இவ்வாறு தோன்றின.

3. தேர்வும் அடியெண்ணும்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முதற்காரணம் எழுத்துத் தேர்வு. இந்திய ஆட்சிப் பணிக்குப் போட்டித் தேர்வு 1855-இல் தொடங்கியது. ஆங்கில மொழியும் இலக்கியமும் அதில் சிறப்பிடம் பெற்றன. சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் நிறுவப்பட்டன. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்க்கென நடத்திய ஊர்த்தேர்வுகள் 1858-இல் தொடங்கின. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் சிறப்புப் பட்டப் பாடமாகத் தேர்வு கண்டதோ 1890-களிலேயாம். ஆங்கில நாடகத்தைத் தேர்வுப்பொருளாகக் கற்றதில் இந்திய மாணவர் ஆங்கில நாட்டாருக்குப் பிற்பட்டவரல்லர் என்பது இவ்வாண்டுகளால் விளங்கும்.

இரண்டாவது காரணம் அடியெண். கிளார்க், ரைட் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவரும் 1864-இல் ‘குளோப்’ என்னும் ஒற்றைத் தொகுதிப் பதிப்பை வெளியிட்டனர். அதில் களந்தோறும் அடிகளுக்கு எண் இடப்பட்டிருந்தது. அங்கம், களம், அடி என்னும் மூன்றெண்களால் எந்த அடியையும் எவரும் சுட்டும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றது. அகராதியும் சொல்லடைவும் இலக்கணமும் எழுதுவோர்க்கு இது பெரும்பேறு. ஆயினும், அடியை அதன் இடத்திலிருந்து எளிதில் பெயர்த்தெடுக்கவும், எடுத்த இடத்தை உடனே காட்டவும் ஒருங்கே உதவியது இவ்வெண். அறுக்கும் கத்தியும் அதுவே, பொருத்தும் ஆணியும் அதுவே.

அவ்விருவரே 1868 முதல் ஆக்ஸ்போர்டு கிளாரண்டன் அச்சகத்தின் வழியாகத் தனித்தனி நாடகங்களைப் பள்ளி மாணவர்க்குரிய குறிப்புகளோடு வெளியிட்டனர். பள்ளித் தலைவராகிய அபட் 1869-இல் ஷேக்ஸ்பியர் மொழிக்கெனத் தனி இலக்கணம் எழுதினார். தேர்வு வினாக்களே ஒரு நூலாகத் தொகுக்கப்படும் அளவிற்கு இப்பயிற்சி பெருகியது. ஸ்கீட் என்னும் மொழியறிஞர் 1873-இல் அத்தகைய தொகுப்பொன்றை வெளியிட்டார். நூற்றாண்டின் இறுதியில், இந்தியக் கல்வித்துறையில் பணிபுரிந்த டெய்ட்டன், மாக்மில்லன் நிறுவனத்திற்காகப் பல நாடகங்களைப் பதிப்பித்தார். கேம்பிரிட்ஜ் அச்சகத்திற்காக வெரிட்டி பதிப்பித்த பள்ளி நூல்களும் அக்காலத்தில் எழுந்தன. இவ்விருவர் நூல்களும் இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் பயின்று வழங்கின. டெய்ட்டன் அருஞ்சொற்பொருள் கூறுவதோடு நில்லாது, விளங்காத தொடர்களை எளிய ஆங்கிலத்தில் விரித்தும் எழுதினார். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்க்கு ஆங்கில மாணவரினும் மிகுதியான துணை வேண்டும் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

இக்காலத்தே இந்தியப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றது ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்னும் வினாவகை. கூறியவர் யார், யாரிடம் கூறினார், எச்சூழலில் கூறினார் என எழுதிய பின்னரே பொருள் எழுதவேண்டும். குறிப்பேட்டு மரபு அறுத்ததைத் தேர்வு மரபு பொருத்த முயன்றது என்று இதனைக் கொள்ளலாம். கருத்தளவில் இவ்வினா மிக உயர்ந்தது. நடைமுறையிலோ, ‘இன்னார் இன்னாரிடம் கூறியது’ என்ற முதல் வரி பொருளோடு தொடர்பற்ற சடங்காயிற்று. மாணவர் அதனை ஒரு மதிப்பெண்ணுக்காக நெட்டுருச் செய்தனர். அதன்பின், கூறியவரை மறந்து, அடிக்குப் பொதுப்பொருள் எழுதினர். சூழலைச் சுட்டுவது வேறு; சூழலால் பொருள் காண்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தும் கருவி தமிழ் மரபில் உண்டு.

4. தொல்காப்பியர் தரும் அளவுகோல்

தொல்காப்பியச் செய்யுளியலின் முதல் நூற்பா செய்யுளுறுப்புகள் முப்பத்துநான்கினைத் தொகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், பொருள், துறை என்பன அடுத்தடுத்து வருகின்றன. ‘பொருள்’ என்பது தொடக்கத்தில் வைக்கப்படாமல், கூற்று முதலிய எட்டிற்கும் பின்னர் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. மேலும், கூற்றையும் கேட்போரையும் செய்யுளுக்குப் புறம்பான செய்திகளாகக் கொள்ளாமல், எழுத்தும் அசையும் போலச் செய்யுளின் உறுப்புகளாகவே ஆசிரியர் கொண்டார். ஓர் உறுப்புக் குறைந்தால் உடல் ஊனமுறுவதுபோல, கேட்போர் இன்னார் என அறியாதவிடத்துச் செய்யுளும் ஊனமுறும் என்பது இதனாற் பெறப்படும்.

இக்கொள்கை ஏட்டளவில் நில்லாமல் உரைமரபிலும் செயற்பட்டது. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய தொகைகளின் பாடல்தோறும் இன்னார் இன்னார்க்குக் கூறியது என்னும் குறிப்பு அமைந்துள்ளது. பரிமேலழகர் காமத்துப்பாலுக்கு உரையெழுதுங்கால் குறள்தோறும் கூறுவோரையும் சூழலையும் வகுத்துக் காட்டினார். சங்கப் பாடல் ஒருவர் கூற்றாகத் தனித்து நிற்பது. நாடகம் பலர் கூற்றுகள் தொடர்ந்து பின்னியது. ஆகலின் இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. ஆயினும், கூற்றிற்குப் பொருள் காணும் நெறி இரண்டற்கும் பொதுவாதலால், அவ்வளவுகோலை ஷேக்ஸ்பியர் அடிகளுக்கு வைத்து நோக்குதல் தவறாகாது.

முதலாவது, முன்கூற்று. ‘வெனிசு வணிகன்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தில், வழக்கறிஞர் வேடம் பூண்ட போர்ஷியா, ஷைலக் இரக்கம் காட்டவேண்டும் என்கிறாள். எந்தக் கட்டாயத்தால் காட்டவேண்டும் என்று அவன் வினவுகிறான். அதற்கு மறுமொழியாகவே இரக்கத்தின் இயல்பு பற்றிய அவளுடைய புகழ்பெற்ற உரை தொடங்குகின்றது. அதன் முதல் தொடரில் வரும் வினைச்சொல் இக்கால ஆங்கிலத்தில் வடிகட்டுதல், மிகையாக வருத்துதல் முதலிய பொருள்களில் வழங்கும். அங்கே அதற்குப் பொருள் ‘கட்டாயப்படுத்துதல்’ என்பதாம். அகராதி பல பொருள்களை வரிசையாகக் கூறும். அவற்றுள் உரியது இது என்று காட்டுவது ஷைலக்கின் வினா. அரங்க நடிகனது சுருளில் இவ்வினாவின் இறுதிச் சொற்கள் இருந்திருக்கும். தொகை நூலைப் படித்த மாணவனுக்கு அவை இல்லை.

இரண்டாவது, கேட்போர். ‘ரோமியோவும் ஜூலியத்தும்’ நாடகத்தில் மாடத்தின்கண் நிற்கும் ஜூலியத் ஒரு பழைய வினாச்சொல்லால் காதலனை விளித்துப் பேசுகின்றாள். அச்சொல் ‘எங்கே’ எனப் பொருள்படும் என்று மயங்குவோர் பலர். உண்மையில் அது ‘எதனால்’ எனப் பொருள்படும். பகைக்குடியின் பெயரை அவன் ஏன் தாங்கினான் என்பதே அவள் வினா. பெயரைப் பற்றித் தொடரும் அடிகள் இதனை உறுதிப்படுத்தும். அவன் தோட்டத்தில் நின்று கேட்பதை அவள் அறியாள். அறியாமையாலேயே மறைக்காது பேசுகின்றாள். அகத்திணையில் சிறைப்புறமாகத் தோழி கூறுவதை இதனோடு ஒப்புநோக்கலாம். ஆங்கே தலைவன் கேட்டல் தோழிக்குத் தெரியும். தெரிந்தே அவன் காதில் விழுமாறு பேசுகின்றாள். இரண்டிடத்தும் கேட்போன் மறைந்து நிற்கின்றான். ஆனால் கூறுவோர் அதனை அறிதலும் அறியாமையும் பொருளை முற்றும் வேறாக்குகின்றன.

மூன்றாவது, பயன். ‘ஒதெல்லோ’ நாடகத்தில் நற்பெயர் ஒருவனது உயிரோடொத்த அணிகலம் என்னும் கருத்துப்பட இயாகோ கூறும் உரை நீதிமொழித் தொகுதிகளில் தவறாது இடம்பெறும். அவ்வுரை மூன்றாம் அங்கத்தில் ஒதெல்லோவிடம் கூறப்பட்டது. இரண்டாம் அங்கத்திலோ, குடிமயக்கத்தால் பதவியிழந்து நற்பெயர் போயிற்றே என அழும் காசியோவிடம், நற்பெயர் என்பது வெறும்பொய் என்று கூறியவனும் அவ்வியாகோவே. ஒரே வாய், ஒரே பொருள், கேட்போர் வேறு, கருதிய பயன் வேறு. காசியோவை ஒதெல்லோவின் மனைவியிடம் பரிந்துரை வேண்டிச் செல்லுமாறு தூண்டுதல் முன்னதன் பயன். ஒதெல்லோவின் நெஞ்சில் ஐயத்தை வளர்த்தல் பின்னதன் பயன். இரண்டில் எது இயாகோவின் கொள்கை என்று வினவினால் இரண்டும் அன்று என்பதே விடை. இதனை ஷேக்ஸ்பியரின் அறவுரையாக எழுதும் மாணவன், வஞ்சகன் விரித்த வலையில் ஒதெல்லோவோடு தானும் வீழ்கின்றான்.

நான்காவது, முன்னும் பின்னும் நோக்கல். முதற்பதிப்பிலேயே மேற்கோட் குறி பெற்ற பொலோனியஸின் அறிவுரைக்கு மீள்வோம். ஒருவன் தனக்குத்தான் உண்மையுடையவனாய் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தோடு அவன் தன் மகன் லேயர்ட்டஸுக்கு விடை கொடுக்கின்றான். அடுத்த அங்கத்தின் தொடக்கத்தில், அம்மகன் பாரிசு நகரில் எவ்வாறு ஒழுகுகின்றான் என்பதை வேவு பார்க்க ஏவலாள் ஒருவனை அனுப்புகின்றான்; மகனைப் பற்றிச் சிறு பொய்ப்பழிகளைக் கூறியாயினும் உண்மையை வரவழைக்குமாறு அவனுக்குக் கற்பிக்கின்றான். அறிவுரை அழகியதே, அதனைக் கூறுவோன் வாழ்வு அதற்கு உரையாக அமையவில்லை. இம்முரணைக் காட்டவே நாடகாசிரியன் இவ்விரு பகுதிகளையும் படைத்தான் எனின், முன்னதை மட்டும் பொன்மொழியாகப் போற்றுதல் நாடகத்தைப் பாதியில் நிறுத்துதலாகும்.

‘விரும்பியவாறே’ என்னும் இன்பியல் நாடகத்தில் மாந்தன் வாழ்வின் ஏழு பருவங்களை விரிக்கும் ஜேக்குவிஸின் உரையும் இத்தகையதே. உலகத்தை நாடக அரங்காகக் காணும் கருத்தை அங்கே முதலில் எடுத்துக்கொடுப்பவன் நாடிழந்த கோமகன். ஜேக்குவிஸ் அதனைத் தன் கசப்பினால் வளர்க்கின்றான். முதுமையைப் பல்லும் கண்ணும் சுவையும் இழந்த வெறுமையாக அவன் கூறிமுடித்த அளவிலே, ஒர்லாண்டோ என்னும் இளைஞன் முதிய ஊழியனாகிய ஆதாமைச் சுமந்துகொண்டு அரங்கிற் புகுகின்றான். அம்முதியவன் தான் சேர்த்த பொருள் முழுவதையும் இளைய தலைவனுக்கு ஈந்து உடன் வந்தவன். சொல்லால் கூறப்பட்ட வெறுமைக்கு மறுமொழி காட்சியாக வந்து நிற்கின்றது. தொகை நூலில் சொல் மட்டும் உண்டு, மறுமொழி இல்லை.

5. அறிஞர்க்கும் உள்ள இடர்

இவ்விடர் மாணவர்க்கே உரியதெனக் கருதுதல் வேண்டா. டில்யார்டு என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 1943-இல் எலிசபெத்துக் காலத்து உலகக் காட்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். படைப்பு முழுவதும் மேல்கீழ் ஒழுங்கினால் கட்டுண்டது என்பதே அக்காலத்து மக்களின் நம்பிக்கை என அவர் நிறுவினார். அதற்கு அவர் காட்டிய தலையாய சான்றுகளுள் ஒன்று ‘திராய்லசும் கிரெசிடாவும்’ நாடகத்தில் யுலிசீஸ் கிரேக்கத் தலைவர்களிடம் ஆற்றும் உரை. அவ்வுரையில் தகுதி வரிசை குலைந்தால் உலகமே குலையும் என்னும் கருத்து விரிவாகக் கூறப்படுகின்றது.

ஆயின், அதே களத்தின் இறுதியில் யுலிசீஸ் செய்வது யாது? தலைசிறந்த வீரனாகிய அக்கிலிசின் செருக்கை அடக்குதற்பொருட்டு, திருவுளச்சீட்டில் சூழ்ச்சி செய்து, அவனினும் தாழ்ந்த அயாக்சு தெரிந்தெடுக்கப்படுமாறு வழி வகுக்கின்றான். வரிசையைப் போற்றிய வாயே வரிசையைக் குலைக்கும் சூழ்ச்சியைக் கூறுகின்றது. அரசுக்கும் ஒழுங்கிற்கும் பணிதலை வற்புறுத்தும் எண்ணம் அக்காலத்தில் இருந்தது உண்மையே. 1547-இல் அரசாணையால் வெளியிடப்பட்ட கோயிற் சொற்பொழிவுகள் அதற்கு நேர்ச்சான்று. ஆனால் சொற்பொழிவு சான்றாவது போல நாடகக் கூற்றுச் சான்றாகாது. பின்வந்த ஆய்வாளர் பலர் டில்யார்டின் முடிவை மறுத்தெழுதினர். ஒரு காலத்தின் கருத்து வரலாற்றை எழுதுவோன் கூற்றையும் கொள்கையையும் வேறு பிரித்தறியானாயின், ஒரு மாந்தனின் சூழ்ச்சி ஒரு நூற்றாண்டின் நம்பிக்கையாக ஏறிவிடும். வகுப்பறைப் பயிற்சியில் தொடங்கும் பழக்கம் ஆராய்ச்சி வரையில் நீளுதலின், இதனைச் சிறுபொருளாக எண்ணுதல் கூடாது.

6. கையேடுகளின் காலம்

1958-இல் அமெரிக்க நாட்டு நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் கிளிஃப்டன் ஹில்லகஸ் என்பார், கனடா நாட்டுக் கோல்சு நிறுவனத்தாரிடம் உரிமை பெற்று, ஷேக்ஸ்பியர் நாடகங்கள் 16-க்குக் கையேடுகள் வெளியிட்டார். ‘கிளிஃப்சு நோட்ஸ்’ என அவை உலகெங்கும் பரவின. 1999-இல் ஹார்வர்டு மாணவர் சிலர் ‘ஸ்பார்க்நோட்ஸ்’ என்னும் இணையவழித் துணையைத் தொடங்கினர். பின்னர் அதன் வழியே, மூல அடிகளுக்கு எதிரே இக்கால ஆங்கிலத்தில் பெயர்த்த அடிகளைக் கொண்ட பதிப்புகளும் வந்தன.

இவற்றை ஒருங்கே இகழ்தல் நேர்மையன்று. கதைச்சுருக்கம், களச்சுருக்கம், மாந்தர் இயல்பு ஆகியவற்றைத் தருவதால் இவை டாடின் தொகை நூலினும் மேம்பட்டன. மேற்கோளை விளக்குங்கால் கூறுவோரையும் சூழலையும் குறிப்பிடவும் செய்கின்றன. குறை வேறிடத்தில் உள்ளது. பழைய குறிப்பேட்டு மாணவன் தானே நூலைப் படித்துத் தானே தொடரைத் தெரிந்தெடுத்தான். இன்றைய மாணவனுக்குத் தெரிந்தெடுத்தலும் பிறரால் செய்யப்படுகின்றது. பொருள் காணலும் பிறரால் செய்யப்படுகின்றது. அவனுக்கு எஞ்சுவது எழுதிக் கொடுத்தல் ஒன்றே. துணை என்பது நடப்போனுக்குக் கைக்கோலாக அமைவது. அவனுக்கு மாறாக நடந்துவிடும் துணை அவன் காலை வளர்ப்பதில்லை.

ஆசிரியர் கடமை ஈண்டே தோன்றுகின்றது. விளங்காத அடியோடு வரும் மாணவனுக்குப் பொருளை உடனே கூறிவிடுதல் எளிது. அதனினும் பயனுடையது, அவனிடம் முறையாக வினாக்களை எழுப்புதல். இவ்வடிக்கு முன் பேசியவர் யார்? அவருடைய இறுதிச் சொல் யாது? இதனைக் கேட்டுக்கொண்டிருப்பவர் யாவர்? கேட்பவர் உளர் எனப் பேசுவோர் அறிவரோ? இக்கூற்றினால் அவர் பெறக் கருதிய பயன் யாது? அடுத்து அவர் செய்தது இக்கூற்றோடு பொருந்துமோ? இவ்வினாக்களுக்கு விடைதேட முன்னும் பின்னும் ஓரிரண்டு பக்கங்களையேனும் மாணவன் படித்தல் வேண்டும். படித்த அளவிலே பொருளின் பெரும்பகுதி தானே விளங்கும்; எஞ்சும் அருஞ்சொல்லுக்கே அகராதியும் உரையும் வேண்டப்படும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஷேக்ஸ்பியர் அடிகளை நாடகத்தினின்று பிரித்தெடுக்கும் வழக்கம் 1600-க்கு முன்னரே வேரூன்றிய பள்ளிப் பயிற்சியின் விளைவு. அது 1752-இல் தொகை நூலாகவும், என்ஃபீல்டின் காலத்தில் ஒப்புவித்தற் பாடமாகவும், 19-ஆம் நூற்றாண்டில் தேர்வு வினாவாகவும், 1958-க்குப் பின் வாணிகக் கையேடாகவும் வடிவு மாறி வந்தது. இவற்றை எதிர்த்தும் திருத்தியும் ரோவின் களப்பகுப்பு, ஜான்சனின் கண்டனம், இடஞ்சுட்டும் வினா ஆகியவை கூற்றை அதன் இடத்தில் மீண்டும் நிறுத்த முயன்றன. இம்முயற்சியின் வெற்றி தோல்விகளை அளக்கும் கோல், கூற்று முதலியவற்றைச் செய்யுளின் உறுப்புகளாகவே கொண்ட தொல்காப்பிய நெறியில் தெளிவாக அமைந்துள்ளது.

பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் அங்கத்தின் உட்பிரிவிற்குக் ‘களம்’ என்றே பெயரிட்டார். களன் எனத் தொல்காப்பியர் ஆண்ட சொல் இவ்வாறு நாடகத்திற்கும் உரியதாயிற்று. தமிழ் நாடகங்களும் இன்று பாடநூல்களாகி, அவற்றின் அடிகளும் மேற்கோள்களாகவும் வினாக்களாகவும் பறிக்கப்படுகின்றன. எந்த மொழியினதாயினும், நாடக அடியை விளக்கப் புகுவோர் முதலில் அதனை அதன் களத்தில் நிறுத்துதல் வேண்டும். அதன் பின்னரே பொருள் கூறுதல் வேண்டும்.